வாழ்வின் வண்ணம்

இசை என்பது ஓய்வுடையோர்க்கும் செல்வமுடையோர்க்கும் உரிய பொழுதுபோக்கு என்று கருதுவார் பலர். மேடையிற் கம்பளம் விரித்து ஒருவர் பாட, ஏனையோர் வாய்மூடியிருந்து கேட்பதே இசை என்பது அவர்தம் எண்ணம். கச்சேரி முடிந்ததும் கேட்டவர் வீடு செல்வர். இசை மண்டபத்தினுள்ளேயே தங்கிவிடும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், இறைத்தல், உறங்கவைத்தல், நடத்தல், அழுதல் ஆகிய அன்றாடச் செயல்களிலேதான் இசை தன் முதன்மையான பணியைச் செய்கின்றது என்பதும், அத்தொடர்பு அறுந்துபோமாயின் நாம் இழப்பது சிறிதன்று என்பதும் ஈண்டு யாம் கூற விழைவன. யாம் இசைவாணர் அல்லேம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். ஆதலின் எமக்குப் பழக்கமான சொல்லாராய்ச்சியிலிருந்தே தொடங்குவோம்.

தமிழிலே வண்ணம் என்னுஞ் சொல்லுக்கு நிறம் என்பது ஒரு பொருள். செய்யுளின் ஓசைநடை என்பது மற்றொரு பொருள். தொல்காப்பியனார் செய்யுளியலில் இருபது வண்ணங்களை எண்ணிக் கூறுகின்றார். வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். குற்றெழுத்துப் பயின்று வருவது குறுஞ்சீர் வண்ணம். நெடிலுங் குறிலும் விரவி வருவது சித்திர வண்ணம். ஓவியன் நிறங்களைக் கலப்பது போலப் புலவன் நெடிலையுங் குறிலையுங் கலக்கின்றான் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. வடமொழியில் இராகம் என்னுஞ் சொல்லும் நிறமூட்டுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்தே பிறந்தது. இனி, இசை என்பதோ இசைதல், அஃதாவது பொருந்துதல் என்னும் பொருளையும் உடையது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இசையானது நம் செயல்மேல் மூடிய பட்டுப் போர்வையன்று. நூலினுள்ளே ஊறிய சாயம். போர்வையைக் களைந்தால் துணி முன்போலவே இருக்கும். சாயத்தையோ துணியினின்றும் பிரித்தெடுத்தல் அரிது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். மக்கள் எதை உண்டனர், எத்தொழில் செய்தனர் என்று கூறுமிடத்திலேயே எப்பறையை முழக்கினர், எவ்யாழை மீட்டினர் என்பதுங் கூறப்படுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என உரையாசிரியர் விரித்துரைப்பர். நெல்லரியும் வயலிலே கிணை முழங்கிற்று; மீன் பிடிக்கும் துறையிலே பறை முழங்கிற்று. இசை உணவோடும் உழைப்போடும் ஒரே வரிசையில் வைத்தெண்ணப்பட்டது. ஓய்வு நேரத்துக்கென ஒதுக்கப்படவில்லை.

பொழுதுக்கும் இசைக்கும் உள்ள தொடர்பும் அத்தகையதே. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூவகையாக வகுத்துள்ளனர் பெரியோர். புறநீர்மை பகற்பண், மேகராகக்குறிஞ்சி இராப்பண், செவ்வழி எப்பொழுதும் பாடத்தகும் பொதுப்பண். புறநீர்மையைப் பூபாளம் என்றும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரி என்றும் இக்காலத்தார் பாடுவர். முன்னது வைகறைக்குரிய இராகம். பின்னது துயிலுக்குரிய இராகம். எமதூரில் கோயிலுக்கு அணித்தாய் அமைந்திருந்தது எம் பாட்டனார் வீடு. திருவிழாக் காலங்களில் அவர் கடிகாரத்தைப் பார்த்ததாக எமக்கு நினைவில்லை. கம்பீர நாட்டையில் மல்லாரி எழுந்ததும் "சுவாமி வெளிக்கிட்டுவிட்டார்" என்று சால்வையை எடுத்துத் தோளிலிடுவார். இரவு நெடுநேரஞ் சென்று நீலாம்பரி கேட்டால், தோட்டத்திலிருந்தாலும், பூசை முடிந்ததை உணர்ந்து கை கூப்புவார். இராக இலக்கணத்தை அவர் எவரிடமும் பயின்றாரல்லர். பொழுதுகளுக்கு நாதஸ்வரம் இட்ட நிறத்தை அவர் செவி கண்டுகொண்டது, அவ்வளவே. மார்கழியில் திருவெம்பாவை பாடி, சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கை வழியே வருவோரின் குரலை இருளிற் கேட்டு விழித்த எவரும் இதனை உணர்வர். ஆண்டின் ஏனைய வைகறைகள் மறந்துபோகும். அப்பத்து நாள் வைகறைகள் மறப்பதில்லை.

தொழிலிலே இசை ஆற்றும் பணியை யாம் கண்டது துலாவிலேயாம். இக்கால மாணாக்கருட் பலர் துலாவைப் படத்திலேதான் பார்த்திருப்பர். ஆடுகாற் பூவரசுகளின்மேல் நீண்ட துலாவைப் பொருத்தி, அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையை இறக்கி நீர் மொண்டு வாய்க்காலிற் கவிழ்க்க, மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பட்டை இறங்கும்போது மிதிப்பவர் கிணற்றுப் பக்கம் நடத்தல் வேண்டும். நிறைந்து ஏறும்போது பின்வாங்குதல் வேண்டும். ஓர் அடி தவறினும் ஆபத்து. மூவரின் செயலையும் ஒருங்கே பிணைத்தது பாட்டு. அடிவைக்கும் காலத்தை அதன் தாளம் அறிவித்தது. எத்தனை பட்டை இறைத்தாயிற்று என்னுங் கணக்கை அதன் எண் அறிவித்தது. மேலே நிற்பவர் களைத்தாரா என்பதை அவர் குரல் கீழே நிற்பவர்க்கு அறிவித்தது. எனவே அப்பாட்டு உழைப்பின் அலுப்பைப் போக்கியதோடமையாது, மணிக்கூடாயும் கணக்கேடாயும் காவலாயும் நின்றது.

நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு வந்ததும் துலா ஓய்ந்தது, பாட்டும் ஓய்ந்தது. அதற்காக இயந்திரத்தை யாம் பழிக்கமாட்டோம். துலா மிதித்து முழங்கால் தேய்ந்தவர்களை யாம் அறிவோம். ஆயின் 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளானபோது, எம் அயலிற் சில தோட்டங்களில் துலா மீண்டும் ஏறியது. எமக்கு அப்போது வயது பத்து. எம் மாமனார் துலா மிதிக்க, பாட்டனார் மண்வெட்டியோடு வெங்காயப் பாத்தியில் நின்றார். சில நாள்வரை மூவரும் ஒருவரையொருவர் கடிந்துகொண்டே இறைத்தனர். வேலை இசையவில்லை. பின்னொருநாட் காலை பாட்டனார் பாடத் தொடங்கினார். அவர் பாடி யாம் கேட்டது அதுவே முதன்முறை. அத்தனை ஆண்டுகளாக அப்பாட்டு அவருள்ளே கிடந்தது. அதைக் கேட்க ஒரு வேலை இல்லாதிருந்தது. அன்று வெயில் ஏறுமுன் இறைப்பு முடிந்தது.

அவ்விருண்ட ஆண்டுகளிலே இசைக்காக எம்மவர் பட்ட பாட்டையும் ஈண்டுக் குறித்தல் தகும். இரவில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவில் எழும் மின்னோட்டத்தை வானொலிப் பெட்டிக்குச் செலுத்துவோம். செய்தி கேட்பதற்கே அது முதலில் அமைந்தது. செய்தி முடிந்தபின், கை ஓயும்வரை பாட்டுக் கேட்பது வழக்கமாயிற்று. சுற்றும் வேகங் குறைந்தாற் பாடகரின் குரல் தேய்ந்து மறையும். உடனே மற்றொருவர் மிதிகட்டையைப் பற்றிக்கொள்வார். ஒரு பாட்டைக் கேட்க நால்வர் கை நோகவேண்டியிருந்தது. அதனாலேயே அயல்வீட்டாரும் வந்து முற்றத்தில் அமர்வர். பாட்டு எல்லார்க்கும் பொதுவாய் இருந்தது. யுத்தத்தின் துன்பத்தை அழகுபடுத்துதல் எம் நோக்கமன்று. அக்காலம் மீண்டும் வாராதிருக்குக! உணவும் மருந்தும் அரிதாயிருந்த நாளிலும் மக்கள் தம் கைவலிமையை ஒரு பாட்டுக்காகச் செலவிட்டனர் என்பதையே கூறுகின்றோம். தேவையற்ற ஒன்றுக்காக மனிதர் அவ்வாறு உழையார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தம் இல்லங்களை விட்டு நீங்கினர். செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கிச் சென்ற அப்பெருங்கூட்டத்திலே யாமும் ஒருவராய் நடந்தோம். இலட்சக்கணக்கானோர் ஒரே தெருவில் அடிமேல் அடிவைத்து ஊர்ந்த அவ்விரவில் பேச்சும் அருகிற்று. எம் ஆச்சி, மாமியாரின் கைக்குழந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் தாலாட்டிக்கொண்டே நடந்தார். தால் என்பது நா. நாவை ஆட்டி எழுப்பும் ஓசையாதலின் அதற்குத் தாலாட்டு என்று பெயர் வந்ததென்பர். குழந்தை உறங்கிய பின்னரும் ஆச்சி நிறுத்தவில்லை. எம் பக்கத்தே நடந்த, முன்பின் அறியாத பிள்ளைகள் சிலர் ஆச்சியின் குரலை ஒட்டியே கால் வைத்து வந்தமையை யாம் கண்டோம். அம்மெட்டு நீலாம்பரியின் சாயலுடையது என்பதைப் பல்லாண்டுகளின் பின்னரே அறிந்தோம். கோயிலிற் சுவாமியைத் துயிலச்செய்யும் இராகம், அன்று வீடிழந்தோரை நடக்கச்செய்தது.

மூன்றாண்டுகளின் பின் ஆச்சி காலமானார். சைவ முறைப்படி நிகழும் ஈமக்கிரியையிலே உரலிற் சுண்ணம் இடிக்குங்கால் மணிவாசகப் பெருமானின் திருப்பொற்சுண்ணம் ஓதப்படுதல் யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்த வழக்கம். பேரப்பிள்ளைகளாகிய யாம் நெய்ப்பந்தம் ஏந்தி நின்றோம். அதுவரை விம்மியும் அலறியும் பலவாறு எழுந்த அழுகையொலி, உலக்கை விழத் தொடங்கியதும் ஓர் ஒழுங்குக்குள் வந்தது. அழுகை நிற்கவில்லை, அதற்கு ஒரு நடை கிடைத்தது. பின்னாளில் அப்பதிகத்தை மாணாக்கர்க்குக் கற்பித்தபோதுதான் அதன் வியப்பு எமக்கு விளங்கிற்று. திருப்பொற்சுண்ணம் இரங்கற்பாட்டன்று. இறைவனது திருமஞ்சனத்துக்காக மகளிர் ஒருங்குகூடி வாசப்பொடி இடித்துப் பாடும் மகிழ்ச்சிப் பாட்டு, ஒரு தொழிற்பாட்டு. அதனை மரணத்தின் முன்னிலையில் வைத்த நம் முன்னோர், பிரிவையும் ஒரு வேலையாகவே கருதினர் போலும். பலர் கூடிச் செய்தாலன்றி முடியாத வேலை அது. துலாவடியிற் பாட்டனாரின் பாட்டு எதைச் செய்ததோ, அதனையே திருப்பொற்சுண்ணம் ஆச்சியின் முற்றத்திற் செய்தது.

இவ்வளவையும் கண்டிருந்தும் யாம் ஒருமுறை பிழைசெய்தோம். அதனையும் மறையாது கூறுவோம். ஆசிரிய பயிற்சித் தராதரப் பத்திரத்தோடு யாம் பணிதொடங்கிய முதலாண்டுகளில் ஒருநாள், வகுப்பிலே யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தோம். அசையும் சீரும் கரும்பலகையை நிறைத்தன. பின்வரிசை மாணவன் ஒருவன் மேசைமேல் விரல்களாற் தட்டிக்கொண்டிருந்தான். இருமுறை எச்சரித்தோம், மூன்றாம் முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். அவன் தவில் வாசிக்குங் குடும்பத்துப் பிள்ளை; முந்திய இரவு தந்தையாரோடு திருவிழாவுக்குச் சென்று விடியுமளவும் தாளம் போட்டுவிட்டு வந்தவன். இவை எமக்குப் பின்னரே தெரியவந்தன.

மறுநாள் அவனது பயிற்சிக் கொப்பியைத் திருத்தியபோது திகைத்தோம். வகுப்பில் மற்றெவரும் பிழையின்றி அலகிடாத செய்யுளை அவன் முற்றுஞ் சரியாக அலகிட்டிருந்தான். சீர்களின் கீழே பென்சிலால் ஏதோ எழுதப்பட்டிருந்தது. அழைத்து வினவினோம். "ஐயா, நேரசைக்குத் தா, நிரையசைக்குத் தக. அப்படித் தட்டிப் பார்த்தேன்" என்றான். தேமா தா-தா, புளிமா தக-தா, கூவிளம் தா-தக, கருவிளம் தக-தக. யாம் கரும்பலகையில் ஒரு கிழமையாக விளக்கியதை அவன் விரல்கள் ஒரு பாடவேளையிற் கண்டுகொண்டன. அவனை வெளியே நிறுத்திய நேரத்தில் யாம் யாப்பையன்றோ வெளியே நிறுத்தினோம்! ஆசிரியர் மாணாக்கனிடம் வருத்தந் தெரிவித்தல் எம்மிடையே பெருவழக்கன்று. எனினும் அன்று தெரிவித்தோம். அடுத்த பாடத்தில் அவனையே முன்னிறுத்தித் தட்டச்செய்தோம். செப்பல் வெண்பாவுக்கும், அகவல் ஆசிரியப்பாவுக்கும், துள்ளல் கலிப்பாவுக்கும், தூங்கல் வஞ்சிப்பாவுக்கும் உரிய ஓசைகள் என்று மனனஞ் செய்வித்து வந்த யாம், அன்றுமுதல் அவற்றைக் கேட்கச்செய்தோம். சொல்லுதல் செப்பல், அழைத்தல் அகவல், கன்று துள்ளுதல் போன்றது துள்ளல், அசைந்தசைந்து செல்வது தூங்கல். இப்பெயர்கள் யாவும் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை, ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டவையல்ல.

அம்மாணவன் இன்று கடல்கடந்த நாடொன்றிற் பண்டகசாலைத் தொழிலாளி. இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவிற் கலைஞர்களால் ஈழத்துக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்த ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி அவர்கள் 1975ஆம் ஆண்டில் நாற்பத்திரண்டு வயதும் நிரம்புமுன் மறைந்தாராயினும், அவர் வாசிப்பைத் தமிழகமும் தலைவணங்கிக் கேட்டது. அத்தகைய மரபிலே வந்த பிள்ளை தவிலை வீட்டில் விட்டுச்சென்றான். பிழைப்பு நோக்கிச் சென்றவனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. பெட்டிகளை அடுக்கும்போது விரல்கள் தாமாகவே சொற்கட்டைப் போடுவதாகச் சென்ற ஆண்டு எழுதியிருந்தான். அவ்வரியை யாம் பலமுறை வாசித்தோம். பாடிய வேலையைப் பிரிந்து ஒரு பாட்டு எத்தனை காலம் விரலில் உயிர்வாழும் என்பதே எம் கவலை.

இக்கவலை வீணன்று. நம் குடாநாட்டின் பெயரிலேயே யாழ் உளது. கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடரே இந்நாடு என்பது செவிவழிக் கதை. பெயர் நின்றது, கருவி மறைந்தது. மறைந்த அக்கருவியை மீட்கச் சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் அடிகளையும் உரைகளையும் கணக்கிட்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டில் அடிகளும் மறைந்தார். அன்றாட வாழ்வினின்றும் நீங்கிய ஓர் இசையை மீட்பதற்கு ஒரு பேரறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. ஒருகாலத்திற் பாணர் மடியிலே கிடந்த பொருளைப் பிற்காலத்தார் கணிதத்தால் தேடவேண்டியதாயிற்று.

இன்று இசைக்குப் பஞ்சமில்லை. கைத்தொலைபேசி ஒன்றனுள்ளே ஒருவர் வாழ்நாள் முழுதுங் கேட்டாலும் தீராத பாட்டுக்கள் உள. மிதிகட்டை சுற்றிக் கைநொந்த எமக்கு அது பெரும்பேறாகவே தோன்றுகின்றது. ஆயினும் ஒரு வேற்றுமையை நோக்குக. அன்று ஒரு பாட்டை ஒரு முற்றமே கேட்டது. இன்று ஒரு வீட்டில் நால்வர் நான்கு பாட்டுக்களைத் தத்தம் செவியடைப்பான்களிற் கேட்கின்றனர். அன்று பொழுது இசையைத் தேர்ந்தது. இன்று பூபாளமும் நீலாம்பரியும் ஒரே நொடியில் வருகின்றன. எல்லா நிறமும் எக்கணமுங் கிடைக்குமிடத்து எந்நிறமும் துணியில் ஊறுவதில்லை. கேட்டல் பெருகிற்று, பாடுதல் குறைந்தது.

இதற்கு மருந்து யாது? பெருஞ்செலவோ பெருமுயற்சியோ வேண்டியதில்லை. மாணாக்கர்க்கு யாம் கூறுவன இரண்டே. ஒன்று, காலைப் பிரார்த்தனையில் தேவாரம் எழும்போது உதட்டை அசைத்து நில்லாது வாய்விட்டுப் பாடுக. குரல் நன்றோ தீதோ என்னும் ஆராய்ச்சி வேண்டா. மண்டபத்தில் ஐந்நூறு பேர் ஒரே சுருதியில் நிற்றலே ஒரு கல்வியாம். மற்றொன்று, உம் வீட்டிலுள்ள முதியோரிடஞ் சென்று, அவர் எவ்வேலையின்போது எப்பாட்டைப் பாடினர் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்க. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றே முதலிற் கூறுவர். வேலையைப் பற்றிக் கேட்டால் பாட்டுத் தானே வரும். எம் பாட்டனாரிடம் யாம் கேட்கத் தவறினோம். அவர் பாடிய துலாப்பாட்டில் எமக்கு எஞ்சியிருப்பது தாளம் மட்டுமே. சொற்கள் அவரோடு போயின.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு வார்த்தை. நும் இளமைக்கால நினைவுகளைச் சற்றே திறந்து பாருங்கள். வகுப்பறையிற் கற்ற பாடங்கள் பல மங்கியிருக்கும். கல்லூரி மணியும், வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையும், தூரத்துக் கோயில் மேளமும் தெளிவாய் ஒலிக்கும். நும் பிள்ளைகளின் நினைவிலே அத்தகைய ஒலி ஒன்று பதியவேண்டின், பாட்டை அவர்க்கு வாங்கிக்கொடுத்தால் மட்டும் போதாது. அவர் கேட்க நீவிர் பாடுதல் வேண்டும். உறங்கவைக்கும்போதேனும், சமையலறையில் நிற்கும்போதேனும் பாடுதல் வேண்டும்.

கல்லூரித் தாய் தன் யூபிலியைக் கொண்டாடும் இந்நன்னாளிலே மண்டபத்தில் மங்கல மேளம் ஒலிக்கும், கச்சேரிகளும் நிகழும். அவற்றைக் கேட்டு மகிழ்வோம். விழா முடிந்து விளக்கணைந்த மறுநாட் காலையில், வழக்கமான மணி ஒலித்தபின், வழக்கமான பிரார்த்தனையில் நம் பிள்ளைகள் எழுப்பும் குரலிலேதான் இக்கல்லூரியின் வண்ணம் நிலைபெறும். அது மங்காது நிற்க இறைவன் அருள்வானாக.